டாக்டருக்குப் படிக்கிறவங்க ஒரு துறையை எப்படித் தேர்ந்தெடுக்குறாங்க? அந்த "இன்ஸ்பிரேஷன்" உண்மையில எங்க இருந்து வருது?

"மேடம், நீங்க ஏன் மயக்க மருத்துவத்துக்கு வந்தீங்க, எது உங்களுக்கு இன்ஸ்பிரேஷன்?" வருஷத்துக்கு ஒரு பத்து தடவையாவது யாராவது ஒரு ஸ்டூடண்ட் இதைக் கேட்டுடுவாங்க. கேக்குறப்பவே முகத்துல தெரியும், ஏதோ பெரிய சம்பவம் ஒண்ணை எதிர்பார்க்குறாங்கன்னு. நானும் ரொம்ப வருஷமா ஒரே சம்பவத்தைத்தான் சொல்லிட்டு இருந்தேன். நான் ட்ரெய்னிங்ல இருந்தப்ப ஒரு ராத்திரி மூணு வயசுக் குழந்தை ஒண்ணு, மூச்சுக்குழாய்ல பொம்மையோட பிளாஸ்டிக் துண்டு மாட்டி வந்துச்சு, ரூம்ல எல்லாரும் பதறிட்டு இருக்காங்க, அங்க இருந்த மயக்க மருத்துவர் மட்டும் குரலைக்கூட உசத்தாம குழந்தையோட தாடையைப் பிடிச்சு மூச்சு கொடுத்துட்டே இருந்தாங்க, விடிஞ்சு பார்த்தா குழந்தை அம்மா மடியில உக்காந்து அழுதுட்டு இருக்கு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்னு சொல்லி முடிப்பேன்.

அந்த ராத்திரி நடந்தது சத்தியம். ஆனா "அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்"ங்கிறது சரியில்லைன்னு எனக்கே ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. இதை ஏன் இப்ப எழுதுறேன்னா, இந்த மாதிரி கதைகளைக் கேட்டுக் கேட்டு நிறைய பசங்க மனசொடிஞ்சு போறாங்க. "எனக்கு எந்தத் துறை மேலயும் அப்படி ஒரு பொறி தட்டவே இல்லையே, அப்போ நான் தப்பான இடத்துக்கு வந்துட்டேனா"ன்னு நாலாவது வருஷத்துல வந்து கண்ணு கலங்கிக் கேட்ட பொண்ணு இருக்கா. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்ல, ஸ்பெஷாலிட்டின்னா என்ன

மருத்துவத்துல அடிப்படை டிகிரி முடிச்சவங்க எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்ச டாக்டர். அதுக்கப்புறம் கண், எலும்பு, குழந்தைகள், மனநலம், மயக்க மருத்துவம்னு ஒரு பகுதியை மட்டும் எடுத்து ஆழமாக் கத்துக்கிட்டு அதையே தொழிலா செய்யுறதுதான் ஸ்பெஷாலிட்டி. அதுக்கான பயிற்சிக் காலத்துக்குப் பேர் ரெசிடென்சி, ஆஸ்பத்திரியில வேலை பார்த்துக்கிட்டே கத்துக்குறது. நாட்டையும் துறையையும் பொறுத்து இது மூணு வருஷத்துலயும் முடியலாம், ஏழு வருஷமும் போகலாம். இருபதுகள்ல எடுக்குற முடிவு, அறுபது வயசு வரைக்கும் கூடவே வரும். அதனாலதான் இவ்வளவு பயம்.

நெருங்குன ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க

நீங்க ரெண்டு பேரும் எப்படி ஃப்ரெண்ட்ஸ் ஆனீங்கன்னு கேட்டா உடனே ஒரு சம்பவம் சொல்லுவாங்க. மழையில மாட்டிக்கிட்டோம், பரீட்சைக்குப் பேனா கொடுத்தான், இப்படி ஏதாவது. ஆனா பேனா கொடுத்தவங்க எல்லாரும் ஃப்ரெண்டாயிடல. அந்த ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல ரெண்டு வருஷம் உக்காந்தாங்க, ஒண்ணா நடந்து வீட்டுக்குப் போனாங்க, சண்டை போட்டாங்க, சமாதானம் ஆனாங்க. அதையெல்லாம் கதையா சொல்ல வராது, ஏன்னா அதுல ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. அதனால மனசு பேனா சம்பவத்தை எடுத்து முன்னாடி வெச்சுக்குது.

துறை தேர்வும் அப்படியேதான். நான் சொன்ன அந்த ராத்திரிக்கு முன்னாடி மூணு வாரம் நான் ஆபரேஷன் தியேட்டர்லதான் இருந்தேன். அங்க ஒரு சீனியர் மேடம் தினமும் என் கையில, மயக்கத்துல இருக்குற நோயாளிக்கு மூச்சு கொடுக்குற மாஸ்க்கைக் கொடுத்து "பிடிம்மா"ன்னு சொல்லுவாங்க. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க் மேல "சி" மாதிரி வளையணும், மத்த மூணு விரலும் தாடை எலும்பைப் பிடிச்சுத் தூக்கணும், சுண்டுவிரல் காதுக்குக் கீழ தாடை திரும்புற மூலையில போய் உக்காரணும். முதல் நாள் காத்து பூரா பக்கவாட்டுல ஓடிப்போச்சு, கை நடுங்குச்சு. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ சட்டுனு சுண்டுவிரல் சரியான இடத்துல போய் மாட்டுச்சு, மாஸ்க்கோட சேர்ந்த காத்துப் பையை அழுத்துனேன், நோயாளியோட நெஞ்சு மெதுவா ஏறி இறங்குச்சு, மாஸ்க் உள்பக்கம் ஆவி படிஞ்சு மறைஞ்சுது. மேடம் ஒண்ணும் பாராட்டல, "ம்"னு சொல்லிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிட்டாங்க. எனக்கு அந்த "ம்" போதும். அந்த மூணு வாரம் இல்லைன்னா அந்த ராத்திரி நானும் பதறுற கூட்டத்துல ஒருத்தியா ஓரமா நின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், அந்த மருத்துவர் கை எங்க இருந்துச்சுன்னுகூட கவனிச்சிருக்க மாட்டேன்.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கமா சொன்னா, நாம கேக்குற இன்ஸ்பிரேஷன் கதை பெரும்பாலும் பின்னாடி திரும்பிப் பார்த்துக் கட்டுனது. சம்பவம் நிஜம்தான், ஆனா அது விழ ஏற்கனவே ஒரு நிலம் உழுது கிடந்திருக்கும். இனி அந்த உழவு எப்படி நடக்குதுன்னு பார்ப்போம்.

கண்ணுல படாத துறை மனசுல எப்படிப் படும்

சின்னப் பசங்ககிட்ட கேட்டா ஹார்ட் சர்ஜன், மூளை டாக்டர், குழந்தை டாக்டர் இதுதான் வரும். திசுவைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற நோய்க்கூறியல் டாக்டர் ஆகணும்னு சொல்ற எட்டு வயசுக் குழந்தையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அந்தத் துறை மட்டம்னு அர்த்தமா? இல்லவே இல்ல, அதை அந்தக் குழந்தை பார்த்ததே இல்ல, அவ்வளவுதான்.

மருத்துவப் படிப்புல இதுக்குன்னே இருக்குறது போஸ்டிங். ஒவ்வொரு துறையிலயும் சில வாரம் போய் இருந்து கூட நின்னு பார்க்குறது. வாடகைக்கு வீடு பார்க்குற மாதிரின்னு வெச்சுக்கங்களேன், ரோட்டுல இருந்து பார்க்குறப்ப பெயின்ட்டும் பால்கனியும்தான் தெரியும், உள்ள போய் நாலு நாள் இருந்தாத்தான் மத்தியானம் எந்த ரூம்ல வெயில் அடிக்குதுன்னு தெரியும். ஒரு துறையில போஸ்டிங் ரெண்டே வாரம், இன்னொண்ணுல ரெண்டு மாசம்னா, ரெண்டு மாசம் பார்த்ததுக்குத்தான் நிறைய பேர் போவாங்க, இது குணத்தைப் பத்தின விஷயமே இல்ல, அறிமுகத்தைப் பத்தினது. நிறைய பேர் முதல் வருஷம் சொன்ன துறையைக் கடைசி வருஷத்துல சொல்றதில்ல. வீட்டுல இருக்குறவங்க அதைத் தடுமாற்றம்னு நினைச்சுக்குறாங்க. எனக்கு என்னமோ அப்படி மாத்திக்குறவங்கதான் உள்ள போய்ப் பார்த்திருக்காங்கன்னு தோணும்.

பாடம் பிடிச்சுதா, பாடம் எடுத்த ஆள் பிடிச்சுதா

ஸ்கூல்ல கணக்கு டீச்சர் நல்லவங்களா இருந்தா கணக்கு பிடிக்கும், அடுத்த வருஷம் டீச்சர் மாறினா கணக்கும் கசந்துடும். இங்கயும் அதேதான், ஆனா விலை ஜாஸ்தி.

"நானும் இவரை மாதிரி ஆகணும்"னு நினைக்க வைக்கிற ஆள்தான் ரோல் மாடல். துறையை முடிவு பண்றதுல இவங்களுக்கு ரொம்பப் பெரிய பங்கு இருக்கு. பாடத்துல இல்லாத ஒண்ணை இவங்க சொல்லிக் கொடுத்துட்டே இருக்காங்க: கெட்ட செய்தியைச் சொல்றப்ப நின்னுட்டு சொல்றாங்களா இல்ல சேரை இழுத்துப் போட்டு உக்காந்து சொல்றாங்களா, நர்ஸைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களா, தப்பு நடந்தா ஒத்துக்குறாங்களா. சிலபஸ்ல எழுதாம, பார்த்துப் பார்த்தே ஒட்டிக்கிற இந்தப் பாடத்துக்கு மறைமுகப் பாடத்திட்டம்னு பேரு. இது ரெண்டு பக்கமும் வெட்டும். ஒரு துறையில எல்லார் முன்னாடியும் ஸ்டூடண்ட்டைக் கூனிக் குறுக வைக்கிற ஒருத்தர் இருந்தா, அந்தத் துறைக்கே பொருத்தமா இருந்திருக்க வேண்டிய ஒரு பையன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான். என் பேட்ச்ல அப்படி ஒருத்தன் இருந்தான், கை அவ்வளவு நிதானம், தையல் போட்டா பார்த்துட்டே இருக்கலாம், ஒரே ஒரு வார்டு ரவுண்டுல வாங்குன அவமானத்துல சர்ஜரியை விட்டுட்டான். இப்போ வேற துறையில நல்லாத்தான் இருக்கான், ஆனாலும் எனக்கு அது இன்னும் உறுத்துது.

அதனால நான் பசங்ககிட்ட சொல்றது, உங்களுக்குப் பிடிச்ச அந்த ஆள் நாளைக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போயிட்டாலும் அந்த வார்டுக்குப் போகத் தோணுமான்னு உங்களையே கேட்டுப் பாருங்க.

ஒண்ணுமே நடக்காத நாள் எப்படி இருக்கும்

எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாப் போகும்.

எந்தத் துறையா இருந்தாலும் கதையா சொல்ற மாதிரி நாள் வருஷத்துல விரல் விட்டு எண்ணுற அளவுதான். மிச்ச நாள் எல்லாம் ஒரே மாதிரி வேலை. அந்த ஒரே மாதிரி வேலையோட தன்மை துறைக்குத் துறை தலைகீழா மாறும், ஒருத்தர் அங்க நிலைச்சு நிக்கிறதும் உடைஞ்சு போறதும் அதைப் பொறுத்துத்தான்.

முதல்ல பார்க்க வேண்டியது, செஞ்ச வேலைக்குப் பதில் எப்போ கிடைக்கும்ங்கிறது. நான் ஊசி வழியா மயக்க மருந்து கொடுத்தா ஒரு நிமிஷத்துக்குள்ள பதில் தெரிஞ்சுடும், சரியா தப்பான்னு உடம்பே சொல்லிடும். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினா அது வேலை செய்யுதான்னு தெரியவே சில வாரம் ஆகும், அதுவரைக்கும் நோயாளியோட நம்பிக்கையையும் சேர்த்து அவர்தான் தாங்கிப் பிடிக்கணும். சர்க்கரை நோய் பார்க்குறவர் மூணு மாச சராசரியை வெச்சுத்தான் பேச முடியும், நோயாளியோட முப்பது வருஷ வாழ்க்கைக்குள்ள அவரும் ஒரு ஆளா இருப்பார். உடனே பதில் வேணும்னு துடிக்கிறவங்களை அந்த சேர்ல உக்கார வெச்சா நொந்து போவாங்க, நிதானமா ஒரு மனுஷனோட கதையை வருஷக்கணக்கா கேக்கப் பிடிச்சவங்களை என் தியேட்டர்ல நிக்க வெச்சா "இவங்க பேரையே மயக்கத்துக்குப் போறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடிதானே கேட்டேன்"னு வெறுமையா இருக்கும்.

ரெண்டாவது, எந்தப் புலன் வழியா வேலை நடக்குது. தோல் டாக்டருக்குக் கண்ணு. எனக்குக் காது. இது நிறைய பேருக்குத் தெரியாது, விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் அளக்குற கருவி தியேட்டர்ல பீப் பீப்னு சத்தம் போட்டுட்டே இருக்கும்ல, ரத்தத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சா அந்த சத்தத்தோட சுருதி இறங்கும். வேற பக்கம் பார்த்துப் பேசிட்டு இருந்தாலும் சுருதி அரை இழை இறங்கினா கழுத்து தானா திரும்பிடும். பல வருஷம் ஆச்சு, வீட்டுல ஏதாவது மெஷின் சத்தம் தேஞ்சு இறங்கினாக்கூட எனக்கு இன்னும் திக்குங்கும்.

புலன்னு சொன்னதும் ஹெலன் டாசிக்கைச் சொல்லாம போக முடியாது. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில குழந்தைகளோட இதய மருத்துவத்தை ஒரு தனித் துறையா வளர்த்தவங்க. அவங்களுக்குக் காது கேக்குறது குறைஞ்சு போச்சு. இதய டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப்பே கேக்கலைன்னா என்ன பண்றது? குழந்தையோட நெஞ்சுல கையை வெச்சு துடிப்பையும் அதிர்வையும் விரல்லயே படிக்கப் பழகிக்கிட்டாங்க. இதயக் கோளாறால உடம்பு நீலமா மாறுற குழந்தைகளுக்கு ரத்தம் நுரையீரலுக்குப் போக ஒரு புது வழி போட்டுக் கொடுத்தா என்னன்னு யோசிச்சது அவங்கதான். 1944ல ஆல்ஃபிரட் பிளாலாக் அந்த ஆபரேஷனைச் செஞ்சார், அதுக்கான முறையை லேப்ல உருவாக்கின விவியன் தாமஸ் பக்கத்துல நின்னு வழி சொன்னார். ஒரே பிரச்சினையை மூணு பேர் மூணு விதமா தொட்டிருக்காங்க பாருங்க, ஒருத்தர் யோசனை, ஒருத்தர் ஆபரேஷன், ஒருத்தர் லேப்.

மூணாவது, தெளிவில்லாத நிலைமையை எவ்வளவு தாங்குவீங்க. நோய்க்கூறியல் டாக்டர் திசுவை மைக்ராஸ்கோப்ல பார்த்து என்ன நோய்னு சொல்றவர். சில ஆபரேஷன் நடந்துட்டு இருக்கப்பவே கட்டியில ஒரு துண்டை வெட்டி அவருக்கு அனுப்புவாங்க, உறைய வெச்சு மெல்லிசா சீவி சாயம் போட்டுப் பார்த்து சுமார் இருபது நிமிஷத்துல புற்றுநோயா இல்லையான்னு சொல்லணும், வயிறு திறந்தபடி நோயாளி டேபிள்ல, சர்ஜன் கையைக் கட்டிட்டு ஃபோன் மணிக்காகக் காத்துட்டு நிக்கிறார், நானும் நிக்கிறேன். வெளியில பார்த்தா அவர் ஒரு அமைதியான ரூம்ல தனியா உக்காந்திருக்கார், ஆனா அந்த இருபது நிமிஷம் அவர் தோள்லதான் எல்லாம். நோயாளி முகத்தைப் பார்க்காமலே இவ்வளவு பெரிய முடிவைச் சொல்றது சிலருக்கு நிம்மதி, சிலருக்குத் தாங்காது. இதுல உசத்தி தாழ்த்தியெல்லாம் கிடையாது.

இந்தப் பகுதியோட சாரம்: துறைக்குள்ள இழுக்குறது சம்பவமா இருக்கலாம், அங்க தங்க வைக்கிறது தினசரி வேலையோட வேகம், புலன், தெளிவின்மை இந்த மூணும் உங்க சுபாவத்தோட ஒத்துப்போறதுதான்.

சொந்த வீட்டுல வந்த நோய்

அம்மாவுக்குப் புற்றுநோய் வந்துச்சு, அதனால நான் புற்றுநோய் மருத்துவர் ஆகணும். இந்தக் காரணத்தைக் கேட்டா எனக்குத் தொண்டை அடைக்கும், இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லணும், வலி நல்ல உந்துசக்தி, வழிகாட்டின்னு நம்பிட முடியாது. ஒவ்வொரு நோயாளியிலயும் அம்மாவையே பார்த்தா சிலருக்கு அது பலம், சிலருக்கு ஆறாத புண்ணு. அது எந்தப் பக்கம்னு போஸ்டிங்ல நின்னு பார்த்தாத்தான் தெரியும்.

சில பேருக்கு நோயாளியே ஒரு கேள்வியைக் கையில கொடுத்துட்டுப் போயிடுவாங்க. ஜோசஃப் மர்ரே இரண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில பயங்கரமா தீக்காயம் பட்ட ஒரு பைலட்டுக்கு சிகிச்சை கொடுத்தார். இறந்தவங்களோட தோலை எடுத்துத் தற்காலிகமா ஒட்டி அந்த ஆளைக் காப்பாத்துனாங்க, ஆனா வேற ஆளோட தோலை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா உதறித் தள்ளிட்டே இருந்துச்சு. ஏன் தள்ளுது, எப்படித் தெரியுது இது வேற ஆளோடதுன்னு? இந்தக் கேள்வி அவரை விடல. பிளாஸ்டிக் சர்ஜனா இருந்தவர், 1954 டிசம்பர் 23ஆம் தேதி ஒருத்தர் உறுப்பை இன்னொருத்தர் உடம்பு வேற ஆளோடதுன்னு தள்ளாத, உருவம் ஒத்த இரட்டையர்கள்ல ஒருத்தரோட சிறுநீரகத்தை இன்னொருத்தருக்குப் பொருத்தினார், நல்லபடியா நிலைச்ச முதல் சிறுநீரக மாற்று அதுதான். 1990ல நோபல் பரிசு. நான் இதுல பார்க்குறது பரிசை இல்ல, ஒரு நோயாளிகிட்ட எழுந்த கேள்வியை அவர் பத்து வருஷம் கீழ போடாம வெச்சிருந்ததைத்தான்.

கதவு மூடியிருந்தா

இவ்வளவு பேசிட்டு இதைச் சொல்லலைன்னா நேர்மை இல்ல. எல்லாருக்கும் விரும்பின துறை கிடைக்கிறதில்ல. எத்தனை இடம் இருக்கு, எடுத்த மார்க் என்ன, பயிற்சி எத்தனை வருஷம், கடன் இருக்கா, சின்னக் குழந்தை இருக்கா, ராத்திரி டியூட்டி தாங்குமா, சம்பளம் எவ்வளவு, எல்லாமே கணக்குல வரும். பணத்தையும் நேரத்தையும் பத்தி யோசிக்கிறவங்களுக்கு சேவை மனசு இல்லைன்னு சிலர் பேசுவாங்க, எனக்கு அது துளியும் உடன்பாடில்ல. தூக்கம் இல்லாத டாக்டர் நோயாளிக்கும் ஆபத்து.

வர்ஜீனியா ஆப்கார் சர்ஜன் ஆகணும்னுதான் பயிற்சி எடுத்தாங்க. நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல சர்ஜரி துறைத் தலைவரா இருந்த ஆலன் விப்பிள், பெண் சர்ஜன்கள் தொழில்ல நிலைக்க முடியாம கஷ்டப்படுறதைப் பார்த்துட்டு, மயக்க மருத்துவத்துக்குப் போகச் சொன்னார். அப்போ அது பெருசா மதிப்பில்லாத வேலை. அது அவங்களுக்கு நியாயமா நடந்த விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அங்க போன பிறகுதான் பிரசவ அறையில குழந்தைகளோட முதல் நிமிஷத்தை அவங்க உத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க. இதயத்துடிப்பு, மூச்சு, தசையோட விறைப்பு, தூண்டினா சிணுங்குதா, தோல் நிறம். அஞ்சுக்கும் பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு மார்க் போட்டுக் கூட்டினா பத்துக்கு இவ்வளவு. 1953ல வெளியிட்டாங்க, இன்னைக்கும் உலகம் பூரா குழந்தை பிறந்ததும் போடுற ஆப்கார் ஸ்கோர் அதுதான்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி பிரசவம் பார்க்குற டாக்டர் ஆகணும்னு நினைச்சவர், சொந்தத்துல பெண்கள் கர்ப்ப காலத்துல இறந்ததைப் பார்த்த வேதனை. ஆனா முடக்குவாதம் வந்து விரல் எல்லாம் கோணிப்போச்சு, அந்தக் கையால பிரசவம் பார்க்க முடியாது. கண் மருத்துவத்துக்கு மாறினார், தன் கைக்கு ஏத்த மாதிரி கருவிகளை வடிவமைச்சுக்கிட்டு அதே கோணின விரலால ஒரு லட்சத்துக்கும் மேல கண் ஆபரேஷன் செஞ்சார், ரிடையர் ஆன பிறகு 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சார். அவருக்கு முதல்ல பிடிச்ச துறையே கிடைச்சிருந்தா நல்ல பிரசவ டாக்டரா இருந்திருப்பார், சந்தேகமே இல்ல. ரெண்டாவதா கிடைச்சதுல பிடிப்பு வந்தது, தினமும் செஞ்சு செஞ்சு கை தேறினப்பதான். பிடிச்சதாலதான் திறமை வரும்னு நாம நினைக்கிறோம், நிறைய நேரம் அது மறுபக்கமா நடக்குது, கை தேற ஆரம்பிச்சதும் பிடிக்க ஆரம்பிச்சுடும்.

எந்தத் துறைன்னு குழம்பிட்டு இருக்குறவங்க அங்க வேலை பார்க்குறவங்ககிட்ட "உங்க இன்ஸ்பிரேஷன் என்ன"ன்னு கேக்காதீங்க, அழகான கதைதான் கிடைக்கும். நேத்து காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு கேளுங்க. எந்த வேலை சலிப்பு, அந்த சலிப்பை எப்படித் தாங்குறீங்கன்னு கேளுங்க. திரும்பவும் இருபத்தஞ்சு வயசு ஆனா இதையேவா எடுப்பீங்கன்னு கேட்டுட்டு, பதிலை விட பதிலுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் எடுத்துக்குறாங்கன்னு கவனிங்க.

கண்ணு கலங்கி வந்த அந்தப் பொண்ணுகிட்ட நான் இவ்வளவும் பேசி முடிச்சேன், அவ தலையை ஆட்டினா, முகம் தெளியல. சரி, கையைக் கழுவிட்டு வான்னு சொல்லி தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். நோயாளி தூங்கினதும் மாஸ்க்கை அவ கையில கொடுத்து என் கையை அவ கை மேல வெச்சேன். காத்து பக்கவாட்டுல ஓடுச்சு. "சுண்டுவிரல், இன்னும் கொஞ்சம் பின்னாடி"ன்னு சொன்னேன். தேடினா, தாடை மூலை கிடைச்சுது, தூக்கினா. பையை அழுத்தச் சொல்லி என் கையை எடுத்துட்டேன். நெஞ்சு ஏறுச்சு. அவ மூச்சை விடாம அதையே பார்த்துட்டு இருந்தா. நான் "ம்"னு சொல்லிட்டு மானிட்டர் பக்கம் திரும்பினேன்.